லிசியாசும் ஓர் இரவல் சைக்கிளும்

மொழிபெயர்ப்பாளர் விசாரணை அறையில் சிரிக்கக் கூடாது என்று இப்போது உங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். நல்ல விசயம். அழக் கூடாது, தலையாட்டக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை யாரும் வேலையால் நிறுத்த முடியாது என்ற துணிவில் சொல்கிறேன்: எண்பதுகளின் நடுவில், டாவோஸ் என்ற சுவிஸ் மலையூரில், ஒரு மனிதருடைய வேலையும் இருப்பிடமும் ஊசலாடிக்கொண்டிருந்த அறையில் இருந்து நான் சிரித்தேன். கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர வரச் சிரித்தேன். அதைவிடப் பெரிய கூத்து, அந்த அறையில் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தவள் நான் மட்டுமல்ல.

அந்தச் சிரிப்பு விளங்க வேண்டுமென்றால் முதலில் என் படிப்பு விளங்க வேண்டும். ஊரில் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது பழைய கிரேக்கம். ஏன் என்று கேட்காதீர்கள். நான் கேட்ட பாடத்தில் இடம் இருக்கவில்லை, கிரேக்கத்துக்கு ஆள் இருக்கவில்லை, இரண்டு பகுதியும் சமாதானமாகப் போனோம். வீட்டில் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ரீச்சரா வா எண்டு அனுப்பினா, செத்த பாசையைப் படிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாள். இவளை ஆர் கட்டுறது? கிரேக்கத்திலையிருந்தோ மாப்பிளை வரும்?”

மாப்பிள்ளை பக்கத்து ஊரிலிருந்துதான் வந்தார். கொஞ்சக் காலத்தில் அவர் சுவிசுக்கு வந்து, பிறகு என்னையும் லாங்கன்தாலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை, எனக்கு ஜெர்மன் வகுப்பு. கிரேக்க வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிய மண்டைக்கு ஜெர்மன் பெரிய காரியமாகப் படவில்லை. தமிழும் ஜெர்மனும் தெரிந்த பெண்களைத் தேடினால் கண்டுபிடிக்க முடியாத காலம் அது. வகுப்பு முடிய முன்னமே என்னைப் பிடித்து விசாரணை அறைக்குள் இருத்திவிட்டார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு செக் நாட்டுப் பெண்மணி. அவரும் ஒருகாலத்தில் அகதியாக வந்தவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் உச்சரித்த விதம் பிழை என்று எங்கிருந்தாலும் வந்து திருத்துவார். முதல் நாளே அவர் எனக்குச் சொன்னது இதுதான்: “உன்னுடைய புத்தியை அவர்களுக்கு இரவல் கொடுக்காதே. முட்டாள்தனமாகக் கதைத்தால் முட்டாள்தனமாகவே சொல். சிரிக்க வைக்கப் பகிடி விட்டால் நீயும் பகிடி விடு. அது உன்னுடைய வாயில்லை, அவர்களுடைய வாய்.” கேட்கும்போது இலகுவாகத்தான் இருந்தது.

இனி லிசியாஸ். கிரேக்கப் பேச்சாளர்களில் ஊர் உலகத்துக்குத் தெரிந்தவர் டெமொஸ்தனிஸ், வாய்க்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு கடலோடு போட்டிக்குக் கத்திப் பழகினார் என்று சொல்லப்படுகிறவர். எனக்கு அந்த ஆள் கொஞ்சம் சத்தம். எனக்குப் பிடித்தவர் லிசியாஸ். அதென்ஸ் நகரத்தில் அவர் ஒரு வெளியாள். தகப்பன் சிசிலித் தீவிலிருந்து வந்து கேடயம் செய்யும் பட்டறை வைத்தவர். எத்தனை காலம் இருந்தாலும் வதிவிட அனுமதி மட்டும்தான், குடியுரிமை கிடையாது. ஒரு கும்பல் நகரத்தின் ஆட்சியைப் பிடித்தபோது இப்படியான வெளியாட்களின் வீடுகளுக்குள் புகுந்தது. தமையனை விசாரணை இல்லாமலே நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றார்கள். லிசியாஸ் பின்கதவால் ஓடி, வள்ளம் ஏறி, அடுத்த நகரத்துக்குத் தப்பினார். மாணவியாக இதைப் படித்தபோது பரீட்சைக்கு வரும் பகுதி என்று கோடு போட்டு வைத்தேன். எண்பத்து மூன்றில் கொழும்பில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குள் கும்பல்கள் புகுந்த பிறகு, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துத் திரும்பவும் படித்தேன்.

நல்ல ஆட்சி வந்ததும் அவர் திரும்பி வந்தார். குடியுரிமை கொடுத்தார்கள், பிறகு சட்டத்தில் ஏதோ ஓட்டை என்று அதையும் பறித்தார்கள். மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். அந்த ஊரில் வழக்கு என்று வந்தால் அவரவர் வழக்கை அவரவரே எழுந்து நின்று பேச வேண்டும். பேசத் தெரியாதவர்கள் லிசியாசிடம் வருவார்கள். வயல் உழும் கமக்காரனுக்கு எழுதினால் அது கமக்காரன் கதைக்கிற மாதிரியே இருக்கும், கோபக்காரக் கணவனுக்கு எழுதினால் கோபக்காரக் கணவன் கதைக்கிற மாதிரி. லிசியாசின் சொந்தக் குரல் அதில் கேட்கவே கேட்காது. எங்கள் தொழிலுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன்.

அவர் எழுதியதாகச் சொல்லப்படும் பேச்சுகளில் ஒன்று ஒரு கால் ஏலாத மனிதனுக்கானது. நகரம் அவனுக்கு ஒரு சிறு உதவி கொடுத்து வந்தது. அவன் குதிரையில் ஏறிப் போகிறான், ஆகவே கால் ஏலாதவன் அல்ல, உதவியை நிறுத்துங்கள் என்று ஒருவன் முறைப்பாடு செய்தான். அதற்குச் சபையில் சொன்ன பதில்தான் அந்தப் பேச்சு. அழுகை, ஒப்பாரி ஒன்றும் இல்லை. முறைப்பாடு செய்தவனை வைத்து ஒரே நையாண்டி. ஆனால் பேச்சு மிஞ்சிய அளவுக்குத் தீர்ப்பு மிஞ்சவில்லை. அவனுக்கு உதவி தொடர்ந்ததா, நின்றதா? எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். “தெரியாது” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

இப்போது டாவோசுக்கு ஏறுவோம். அங்கே ஒரு ஹொட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் சிவராசா அண்ணை. பனி கொட்டும் ஒரு மாரி காலத்தில் சமையலறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது, ஆனால் இடது கால் பழைய கால் ஆகவில்லை. அதன் பிறகு கதிரையில் இருந்து கரண்டி முள்ளுக்கரண்டி துடைக்கும் அரைநாள் வேலை அவருக்கு. மற்ற அரைநாளுக்குக் காப்புறுதிப் பணம். ஹொட்டல்காரர் தங்குமிடத்தில் ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று.

அப்போதுதான் சமையலறையில் அவருக்கு மேலாளாக இருந்த ரூடி என்பவர் ஒரு முறைப்பாடு கொடுத்தார். இந்த மனிதன் நடிக்கிறான், கோடையில் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓடுகிறான், விசிலும் அடிக்கிறான் என்று. மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும் என்று காப்புறுதிக்காரர் அறிவித்தார்கள். நடிப்பு என்று முடிவானால் காப்புறுதிப் பணத்தோடு, இருந்து செய்யும் வேலையும் போகும். வேலை போனால் அறை போகும். இரண்டும் இல்லாத மனிதர் மனைவியைக் கூப்பிடும் கதையை மறந்துவிட வேண்டியதுதான்.

விசாரணை நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். லிப்ட் இல்லை. நான் முன்னதாகவே போய் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு மனிதர் ஒரு கையில் தடி, மறுகை கைப்பிடியில், ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, விசாரிக்க முதலே தண்டனையைக் குடுத்திட்டாங்கள்.”

எனக்கு அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது. ஆனால் விசாரணைக்கு முன் நான் அவரோடு வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

குழுவின் தலைவர் வெள்ளைத் தலைமயிர் உள்ள, வாய் ஓரம் இறுகிப்போன ஒரு வயதானவர். சிரித்தால் முகம் வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர் போல் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் ஒரு டொக்டர் அம்மா, மறுபக்கம் ஒரு பெரிய மீசைக்காரர். ஓரமாக ரூடி, கையைக் கட்டிக்கொண்டு. தலைவர், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சிவராசா அண்ணை எழுந்தார், தொண்டையைச் செருமினார், வலது கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் அந்தக் கை தெரியும். அது பேச்சுப்போட்டிக் கை.

“வெண்பனி போர்த்திய மலைகளின் மடியில் வீற்றிருக்கும் நீதியின் காவலர்களே! நடுநிலை பிறழாத நடுவர் பெருமக்களே! என் கண்ணீரைக் காணிக்கையாக்கி உங்கள் பொற்பாதங்களில்…”

பிறகுதான் எனக்கு விளங்கியது. சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸத் தெருப் பக்கம் மரக்கறியும் வீடியோவும் ஒரே கடையில் விற்றுக்கொண்டிருந்த ஒரு மாஸ்டர் எழுதி, ரெலிபோனில் நாட்கணக்காகப் பாடமாக்க வைத்த பேச்சு அது. எங்கள் ஆட்களுக்கு மேடையும் மூன்று நடுவர்களும் கண்ணில் பட்டால் போதும், மணி அடிக்க முன் பேசி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். நான் என்ன செய்ய? மொழிபெயர்த்தேன். மலை, மடி, காணிக்கை, பொற்பாதம், ஒன்றும் விடாமல் நல்ல ஜெர்மனில் சொன்னேன். மீசைக்காரர் எழுதுவதை நிறுத்தினார்.

“யாருடைய மடியில்?”

“மலைகளின் மடியில்.”

“ஓ” என்று சொல்லி அவர் மேசைக்குக் கீழே தன்னுடைய சப்பாத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பொற்பாதம் என்று சொன்னது அவரை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

“ஆகவே…” என்ற இடத்தில் சிவராசா அண்ணைக்குப் பாடம் மறந்துவிட்டது. பேச்சுப்போட்டியில் மறந்தால் என்ன செய்வோம்? திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவோம். கை மறுபடியும் எழும்பியது.

“வெண்பனி போர்த்திய மலைகளின் மடியில்…”

பிள்ளைகளே, இந்த இடத்தில் என் நாக்கு எவ்வளவு அரித்தது தெரியுமா! அவருடைய கால், படிக்கட்டு, வேலை எல்லாவற்றையும் கோவையாக அடுக்கி நானே சொல்லிவிடலாம். ஜெர்மனில் நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியவா போகிறது? அவருக்கு நல்லதுதானே செய்கிறேன்? செக் பெண்மணியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து முறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். மலைகளை இரண்டாம் முறையும் மொழிபெயர்த்தேன்.

தலைவர் கையை உயர்த்தினார். “மலைகளை எனக்கு ஏற்கெனவே பழக்கம். காலைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.”

அதைத் தமிழில் சொன்னேன். சிவராசா அண்ணை கையை இறக்கினார்.

“அப்ப பேச்சு வேண்டாமாமோ?”

“வேண்டாமாம் அண்ணை.”

“அப்பாடா! இருக்கலாமோ எண்டு கேளும் பிள்ளை, கால் உளையுது.”

‘அப்பாடா’வையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். டொக்டர் அம்மாவின் முகத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. சிவராசா அண்ணை இருந்துகொண்டார். தடியைக் கதிரையில் சாய்த்தார். ரூடி சைக்கிள் கதையை எடுத்துச் சொன்னார், விசில் உட்பட. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் சிவராசா அண்ணை தன் சொந்த வாயைத் திறந்தார்.

“ஓம், சைக்கிள் ஓடினனான். இல்லையெண்டு சொல்லேல்லை. சைக்கிள் ஓட ஒரு கால் காணும், மற்றக் கால் சும்மா கூடச் சுத்தி வரும். நடக்கிறதெண்டா ரெண்டும் வேலை செய்யோணும். உவருக்கு ரெண்டு காலும் சுகம், அதாலை உது விளங்காது.”

மொழிபெயர்த்துக்கொண்டு போகையில் எனக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. இதை எங்கே கேட்டிருக்கிறேன்? ஏதும் நோவு உள்ளவன் நடப்பதற்கு இலகுவான வழி தேடுவான், அதனால்தான் குதிரை… அட கடவுளே. நிமிர்ந்து பார்த்தேன். தலைவரும் நிமிர்ந்திருந்தார். அவருடைய கண்ணில் ஒரு வினோதமான வெளிச்சம். மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார்.

“சைக்கிளை விட மோப்பெட் வசதியாக இருக்குமே. ஏன் மோப்பெட்டில் போகவில்லை என்று கேளுங்கள்.”

“மோப்பெட் வாங்க வசதி இருந்தா, என்னோடை வேலை செய்யிற போர்த்துக்கல்காரன்ரை சைக்கிளை ஏன் நான் இரவல் வாங்குறன்?”

கிரேக்கத்து மனிதனும் இதையேதான் சொன்னான். வசதி இருந்தால் நல்ல சேணம் போட்ட கோவேறு கழுதையில் போவேனே, ஏன் பிறத்தியாருடைய குதிரையை இரவல் வாங்குகிறேன் என்று. எனக்குச் சிரிப்பு முட்டத் தொடங்கியது. சிவராசா அண்ணை ஒன்றும் அறியாதவராகத் தொடர்ந்தார்.

“உவர் சைக்கிளை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் தடியும் வைச்சிருக்கிறன். அதை ஏன் சொல்லேல்லை? இஞ்ச பனியிலை சறுக்க வாற பணக்காரர் எல்லாரும் ரெண்டு தடியோடை திரியினம். நான் பாவம், ஒண்டுதான்.”

அந்தப் பழைய பேச்சிலும் தடி இருக்கிறது! அங்கே மற்றவர்களுக்கு ஒன்று, அவனுக்கு இரண்டு. இங்கே கணக்கு தலைகீழ், அவ்வளவுதான். மீசைக்காரர் மீசைக்குள் சிரித்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. நான் கன்னத்தைக் கடித்தேன்.

“கால் சுகம் எண்டு நீங்கள் முடிவெடுத்தா எடுங்கோ ஐயா. நான் வழக்குப் பேசேல்லை. ஆனா வாற மாரிக்கு என்னை ஸ்கி பழக்கிற ரீச்சராப் போடோணும். உவரைக் கதிரையிலை இருத்திக் கரண்டி துடைக்க விடுங்கோ.”

இங்கேதான் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். இது சாதாரணப் பகிடி அல்ல. அதிகாரம் உள்ள மூன்று பேருக்கு முன்னால், வேலையும் இருப்பிடமும் கேட்டு வந்த மனிதர் விடுகிற பகிடி. திமிர் என்று எடுத்தால் கதை முடிந்தது. என் வாயில் இரண்டு வசனம் இருந்தது. ஒன்று மரியாதையானது: ‘என்னால் கடினமான வேலை செய்ய முடியாதென்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.’ மற்றது அவர் சொன்னது. மரியாதையானது பாதுகாப்பு. ஆனால் அது அவரில்லை. கொழும்பு லொட்ஜில் காத்திருந்த அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டு, சிவராசா அண்ணை வைத்திருந்த அதே அப்பாவி முகத்தை நானும் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதையே சொன்னேன்.

டொக்டர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மீசைக்காரர் மேசையில் தட்டினார். தலைவர் கைலேஞ்சிக்குள் முகத்தைப் புதைத்து இருமினார், அது இருமல் இல்லை. ஏனென்றால் கிரேக்கத்து மனிதனும் இங்கேதான் வந்து நின்றான்: நான் சுகதேகி என்றால் நகரத்தின் பெரிய பதவிக்கு என்னையும் தெரிவு செய்யுங்கள் என்று. என் கண்ணால் தண்ணீர் ஓடியது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய பேச்சை டாவோசில் ஒரு கோப்பை கழுவுகிறவர் புத்தம் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அதை ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ரூடிக்கு முகம் சிவந்துவிட்டது. “அது மட்டுமல்ல, இவருடைய அறையில் எந்த நேரமும் கூட்டம். தமிழர், போர்த்துக்கல்காரர், யார் யாரோ. சீட்டாட்டம்!” என்றார்.

அதுவும்! கிரேக்கத்தில், அவனுடைய கடையில் கூடாதவர்கள் கூடுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. ஊரில் எல்லோரும் சவரக்கடைக்கும் சப்பாத்துக்கடைக்கும் போகத்தானே செய்கிறார்கள் என்று பதில். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ஓம், வருகினம். சலூனுக்கும் ஆக்கள் போகினம், பேக்கரிக்கும் போகினம். போற ஆக்கள் எல்லாம் கள்ளரோ? என்ரை அறையிலை ரைஸ் குக்கர் இருக்கு. சோறு அவியிற இடத்துக்கு மனிசர் வரும். உவரும் வந்தவர். எங்களோடை ஜாஸ் விளையாடினவர். தோத்தவர். அண்டையிலையிருந்துதான் என்ரை கால் உவற்ரை கண்ணிலை குத்துது.”

ஜாஸ் என்பது இந்த நாட்டுக்காரர் உயிரை விட்டு விளையாடும் சீட்டு. அதில் ஒரு தமிழனிடம் தோற்றது என்று சபையில் வெளிவந்தால் எந்தச் சுவிஸ்காரருக்கும் கொஞ்சம் கஷ்டம்தான். நான் சொல்லி முடித்ததும் மீசைக்காரர் ரூடியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது.

“அவருக்கு ஜெர்மன் எவ்வளவு தெரியும்?” என்று டொக்டர் அம்மா கேட்டார்.

“கெதி எண்டா ‘ஷ்னெல்’. சூடெண்டா ‘ஹைஸ்’. ரெண்டும் உவர் பழக்கினது. சீட்டிலை வெண்டால் ‘க்வுனே’. அது நானாப் பழகினது.” ‘க்வுனே’ என்று சொல்லும்போது கடைசிச் சீட்டைப் போடுகிற மாதிரி உள்ளங்கையால் மேசையில் ஓர் அடி. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தலைவர் கொஞ்ச நேரம் இடைவேளை விட்டார். என்னை மட்டும் வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டார். கதவு மூடியதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“குதிரை, கழுதை, தடி, பதவி, கடை” என்று விரல் மடித்தார். “நான் இளைப்பாறும் வரைக்கும் கிரேக்கம் படிப்பித்தவன். இது லிசியாஸ். யார் இவருக்கு எழுதிக் கொடுத்தது? நீங்களா?”

என் சிரிப்பெல்லாம் வழிந்து காலுக்கால் இறங்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சொல்லிக் கொடுத்த பதில் என்று அவர் முடிவு செய்தால் விசாரணை செல்லாது. என் வேலை போவது ஒரு பக்கம், சிவராசா அண்ணை நடிகர் என்று ஊருக்கே அடித்துச் சொன்னது போலாகிவிடும். லிசியாசா, அது யார் என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கிரேக்கம் தெரியாதென்று அவர் உடனே நம்பியிருப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“லிசியாசை எனக்குத் தெரியும். படித்தது கிரேக்கம்” என்றேன். “அவருக்குத் தெரியாது. அவர் பாடமாக்கி வந்த பேச்சு மலைகளின் மடியில் முடிந்துவிட்டது, நீங்களே கேட்டீர்கள். மிச்சம் எல்லாம் அவருடைய சொந்தச் சொல். நம்பிக்கை இல்லையென்றால், லிசியாசில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்.”

அவர் மடித்த விரல்களை விரித்தார். பிறகு கதவைத் திறந்தார்.

உள்ளே போய் இருந்ததும் கேட்டார்: “முறைப்பாடு செய்தவருக்கு நீங்கள் ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?”

சிவராசா அண்ணை ரூடியைத் திரும்பிப் பார்த்தார். தாடையைத் தடவினார்.

“ஜாசுக்கு நாலு பேர் வேணும். உவர் கோவிச்சுக்கொண்டு போனதிலையிருந்து நாங்கள் மூண்டு பேர்தான். வரச்சொல்லுங்கோ. சோறும் இருக்கு.”

நான் சொன்னேன். தலைவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “இது லிசியாசில் இல்லை” என்றார்.

ரூடி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “சைக்கிளால் இறங்கினதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனவர். அதையும் நான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை” என்றார். சொல்லிவிட்டு இன்னும் சிவந்துபோனார்.

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு தலைவர் நிமிர்ந்து, கால் ஏலாது என்பதில் குழுவுக்குச் சந்தேகம் இல்லை, வேலையும் அறையும் கொடுப்பனவும் அப்படியே தொடரும் என்று அறிவித்தார். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பயிற்சி வகுப்பில் அதற்கும் தடைதான். சிவராசா அண்ணை கோட்டுப் பையில் கையை விட்டு, ஒன்றையும் எடுக்காமல், வெறுங்கையை வெளியே எடுத்து என் தலையில் வைத்தார்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் உதவி செய்யப் புறப்பட்டிருந்தால் அவருடைய வாயை அடைத்திருப்பேன். லிசியாசுக்கு அந்தக் கால் ஏலாத மனிதனின் குரலைப் பிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததோ தெரியாது. எனக்கு அந்தக் குரல் இலவசமாக வந்து எதிரே இருந்தது, நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். பகிடி வந்தால் கைவிடாதீர்கள். அது சிலபேருக்குக் கடைசியாக மிஞ்சி இருக்கிற சொத்து.

நான் வெளிக்கிடும்போது தலைவர் கதவடியில் மறித்தார். “வருடா வருடம் அந்தப் பேச்சைப் படிப்பித்தேன். வருடா வருடம் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: சேர், அவன் வென்றானா? தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லியே இளைப்பாறிவிட்டேன்.” சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். முகம் வெடிக்கவில்லை.

சிவராசா அண்ணை ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். நானும் கூட இறங்கினேன். விசாரணை முடிந்துவிட்டதால் இனிக் கதைக்கலாம்.

“அந்த ஐயா ஏன் பிள்ளை அப்பிடிச் சிரிச்சவர்? நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?”

படியில் நின்றபடியே அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நகரம், கால் ஏலாத மனிதன், இரவல் குதிரை, தடி, கடையில் கூடிய கூட்டம். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். இடையிடையே “அப்பிடிப் போடு!” என்று தடியால் படியில் தட்டினார்.

“சரி, பிறகு? அவருக்குக் கிடைச்சதோ?”

“தெரியாது அண்ணை. ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஐயாவும் காலம் முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறாராம்.”

“என்ன விசர்க் கதை!” சிவராசா அண்ணைக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “நான் சொன்னதைத்தானே அந்த மனிசனும் சொல்லியிருக்கு? எனக்குக் கிடைச்சதெண்டா அவருக்கும் கிடைச்சிருக்கும். இதிலை தெரியாமல் போக என்ன இருக்கு?”

சொல்லிவிட்டுத் திரும்பினார். தடியை ஊன்றினார். இறங்கி வந்த படிகளில் திரும்பவும் ஏறத் தொடங்கினார்.

“அண்ணை, எங்கை போறியள்? கால்!”

“நீர் நில்லும் பிள்ளை. அவர் பாவம், யோசிச்சுக்கொண்டிருக்கிறார்.”

ஏறினார். நின்று மூச்சு வாங்கினார். மறுபடியும் ஏறினார். நான் பின்னால் ஓடினேன், மொழிபெயர்க்க வேண்டி வருமே என்று. தலைவர் தனியே நின்று கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சிவராசா அண்ணை வாசலில் நின்று தடியை எடுத்து, சுவருக்கு அப்பால், மலைகளுக்கு அப்பால், எங்கேயோ கிரேக்கம் இருக்கிற திசையை நோக்கி நீட்டினார். பிறகு உள்ளே போய், உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

“க்வுனே!”

கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டிருந்த தலைவர் அப்படியே நின்றார். பிறகு அதே மேசையில் தானும் ஓங்கி ஓர் அடி போட்டு, “க்வுனே!” என்று கத்தினார். நான் வாசலில் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.